பணிவும் பணியும்



திருமுதுகுன்றம் என்று பழைய நூல்கள் பாராட்டும் விருத்தாசலத்திற்கு இக்காலத்தில் மற்றொரு பெயரும் வழங்குகிறது. அது பீங்கான் நகரம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கோபுரம் விளங்கும் அவ்வூரில், களிமண் பல உருவங்களைப் பெறுகிறது. மின்சாரத்திற்கு உதவும் பியூஸ் கட்டைகளும், குழந்தைகளுக்குரிய பொம்மைகளும் அங்கே உருவாகின்றன. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் அங்கே இருக்கிறது.

அத்தகைய தொழிற்கூடம் ஒன்றிலே ஒரு தொழிலாளியின் கைகளைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். மண் குழைந்துவிட்டதா என்பதை விரல்கள் சொல்லுகின்றன. அச்சிலிருந்து எடுத்த பண்டம் உலர்ந்துவிட்டதா என்பதையும், ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்பதையும் விரல்களே சொல்லுகின்றன. சூளையிலிருந்து எடுத்த பொருள் ஆறாமல் இருந்தால், மூளை சிந்திப்பதற்கு முன்னரே கை பின்வாங்கிவிடுகிறது. வலி என்பது ஓர் எதிரி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இரவு பகலாக நம்மைக் காத்து நிற்கும் காவலாளி.

அந்தக் காவலாளி விலகிவிட்டால் என்னவாகும்? கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்த கை விடாது. தோல் வெந்த பிறகே கண் அதைக் காணும். இது வெறும் கற்பனையன்று. தொழுநோய் நரம்புகளைத் தாக்கும்போது கையும் காலும் உணர்ச்சியை இழக்கின்றன. அவ்வாறு உணர்விழந்த கைகளோடு நம் நாட்டில் பல்லாயிரம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுக்கும் அவர்களுக்குத் தொண்டு செய்தவர்களுக்கும் இடையே வேலூரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு, கிறிஸ்தவ வாழ்வில் பணிவும் பிறர்பணியும் எவ்வாறு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன என்பதை இன்று சிந்திப்போம். ஒரு சமயத்தின் பெருமையை நிலைநாட்டுவது என் நோக்கமன்று. எச்சமயத்தாரும் எடுத்துக்கொள்ளத்தக்க ஓர் உண்மை அவ்வரலாற்றில் இருக்கிறது.

முதலில் பணிவு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தன்னைத் தானே தாழ்த்திப் பேசுவது பணிவு என்று பலர் கருதுகின்றனர். ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்று ஒருவன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால், அவனும் தன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறான். செருக்குடையவனுக்கும் அவனுக்கும் இதில் வேறுபாடு இல்லை. கிறிஸ்தவ மறை காட்டும் பணிவு இத்தகையதன்று. இயேசு தம் இறுதி இராவுணவின்போது எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவினார் என்று யோவான் எழுதிய நற்செய்தி கூறுகிறது. புழுதி நிறைந்த பாதைகளில் செருப்பணிந்து நடந்து வந்தவர்களின் கால்களைக் கழுவுவது அக்காலத்தில் வேலைக்காரர் செய்யும் பணி. அதை ஆசிரியரே செய்தபோது, பேதுரு என்னும் சீடர் முதலில் மறுத்தார், பின்னர் இணங்கினார். இந்நிகழ்ச்சியில் இருவரின் பணிவு அடங்கியிருக்கிறது: குனிந்து கழுவியவரின் பணிவு ஒன்று, காலை நீட்டிக் கழுவுவதற்கு இடங்கொடுத்தவரின் பணிவு மற்றொன்று. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்த எண்ணத்தின்மீது எழுந்த நிறுவனம். இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் அதனை நிறுவினார். ஓர் இரவில், பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் மூன்று தாய்மார் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்டு, மருத்துவம் கற்க உறுதி பூண்டவர் அவர். 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பணிவிடை பெறுவதற்கன்று, பணிவிடை செய்வதற்கே என்னும் கருத்தை அந்நிறுவனம் தன் குறிக்கோளுரையாகக் கொண்டிருக்கிறது.

அந்த மருத்துவமனைக்கு 1946ஆம் ஆண்டில் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1914ஆம் ஆண்டு நம் கொல்லிமலையிலேயே பிறந்தவர். அவருடைய தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் மலைவாழ் மக்களிடையே தொண்டு செய்து, 1929ஆம் ஆண்டில் காய்ச்சலுக்கு இரையானார். கல்விக்காக இங்கிலாந்து சென்றிருந்த மகன், மருத்துவம் படிப்பதற்கு முன்னர்க் கட்டடத் தொழிலையும் தச்சுத் தொழிலையும் சில ஆண்டுகள் கற்றார். உளியும் இழைப்புளியும் பிடித்த அந்தப் பயிற்சி பிற்காலத்தில் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1947ஆம் ஆண்டில் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவ நிலையத்திற்கு அவர் சென்றார். அங்கே தலைமை ஏற்றிருந்த இராபர்ட் காக்ரேன் நோயாளிகளைக் காட்டிக்கொண்டு சென்றார். விரல்கள் மடங்கி, பறவையின் நகம்போல் வளைந்துபோன கைகள் எங்கும் தென்பட்டன. ‘இக்கைகள் ஏன் இப்படி ஆயின? இவற்றைச் சீர்செய்ய யாரேனும் முயன்றனரா?’ என்று பிராண்ட் வினவினார். எலும்பையும் தசைநாரையும் ஆராயும் மருத்துவர் எவரும் இந்நோயின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே விடையாக இருந்தது. அப்போது பிராண்ட் ஒரு நோயாளியின் வளைந்த கைக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்தும்படி கேட்டார். அந்தக் கை அவருடைய கையை நோகும்படி இறுக்கியது! செயலற்றதென்று எல்லாரும் எண்ணிய கையில் வலிமை எங்கோ எஞ்சியிருந்தது.

அந்தக் கைகுலுக்கலில் தொடங்கியது ஆராய்ச்சி. முழங்கைக்கு அருகே செல்லும் நரம்பு நோயால் கெட்டுவிடுவதால், உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன, விரல்கள் வளைந்துகொள்கின்றன. ஆனால் முன்னங்கையின் பெருந்தசைகளில் பல நல்ல நிலையிலேயே இருக்கின்றன. அப்படியானால், நல்ல தசையொன்றின் நாணை எடுத்து, வேறு வழியாகச் செலுத்தி, விரல்களோடு இணைத்தால் விரல்கள் மீண்டும் நிமிரும் அன்றோ? 1948ஆம் ஆண்டில் வேலூரில் அத்தகைய அறுவை தொடங்கிற்று. அறுவைக்கு முன்னும் பின்னும் பல வாரப் பயிற்சி வேண்டும்; பழைய வேலையைச் செய்துவந்த தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்க வேண்டும். மூடிக்கிடந்த கைகள் மெல்ல மெல்லத் திறந்தன.

இத்துடன் கதை முடிந்திருந்தால், அது மருத்துவ வெற்றியின் கதையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் சிகிச்சை பெற்றுச் சென்றவர்களில் சிலர் திரும்பி வந்தனர். அவர்கள் வாடியிருந்தனர். ஊரில் எவரும் அவர்களுக்கு வேலையும் இடமும் தரவில்லை. முன்பு வளைந்த கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டவர்கள், இப்போது நிமிர்ந்த கையைக் கண்டு அதையும் நிறுத்திவிட்டனர். மருத்துவர் கொடுத்த நல்ல கை, அவர்களுடைய ஒரே பிழைப்பையும் பறித்துவிட்டது!

இங்கேதான் ஒரு தொண்டனின் பணிவு சோதிக்கப்படுகிறது. ‘நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், எஞ்சியது உன் விதி’ என்று சொல்லிவிடலாம். ‘இவ்வளவு செய்தும் நன்றியில்லையே’ என்று சினங்கொள்ளலாம். தம் வேலையின் குறையைத் தம்மிடம் சிகிச்சை பெற்றவரே எடுத்துச் சொல்லும்போது, அதனைச் செவிமடுப்பதற்குப் பெரும் பணிவு வேண்டும். பிராண்டும் அவருடைய தோழர்களும் செவிமடுத்தனர். 1951ஆம் ஆண்டில் வேலூரில் ‘நவஜீவ நிலையம்’ என்னும் சிறு குடியிருப்புத் தோன்றிற்று. சிகிச்சை பெற்ற இளைஞர்கள் அங்கே தங்கித் தொழில் கற்றனர். இளமையில் தச்சுத் தொழில் கற்ற மருத்துவர், இப்போது அவர்களோடு பட்டறையில் நின்று மரப் பொம்மை செய்யக் கற்பித்தார்.

கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொள்ளவும் செய்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. அருகிலிருந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். மகிழ்ந்து பார்த்த மருத்துவர், தரையில் இரத்தத் துளியைக் கண்டார். சாவியின் விளிம்பு சிறுவனின் விரலை எலும்பு தெரியுமளவு வெட்டியிருந்தது. அவனோ அதை அறியவே இல்லை. வலி உணர்த்தாமையால் எவ்வளவு வலிமை செலுத்துவது என்னும் அளவும் அவனுக்குத் தெரியவில்லை.

தொழுநோய் வந்தால் விரல்கள் தாமே அழுகி விழுந்துவிடும் என்பது அந்நாள் மருத்துவரிடையேயும் இருந்த நம்பிக்கை. அது தவறு என்பதை அந்தப் பட்டறை காட்டியது. நோயாளிகளிடம் காணும் ஒவ்வொரு புண்ணையும், ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்டு ஆராய்ந்தனர். சுத்தியலின் பிடியில் தெறித்து நின்ற சிம்பு ஒரு புண்ணுக்குக் காரணம். சூடான பாத்திரம் மற்றொன்றுக்குக் காரணம். இரவில் உறங்கும்போது உணர்விழந்த விரல்களை எலிகள் கடித்துச் சென்றதையும் கண்டுபிடித்தனர். அதற்கு மருந்து, நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனையைக் கொடுப்பதுதான்! இதில் நகைப்பு இருக்கலாம். ஆனால் நுண்ணோக்கி காட்டாத உண்மையை, நோயாளியின் பாயருகே குனிந்து பார்த்த கண் காட்டியது. பணிவு ஒரு நற்குணம் மட்டுமன்று. அறிவுக்கு அது ஒரு வாயில். மேலே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாதவை சில, குனிபவனுக்குத் தெரிகின்றன.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955ஆம் ஆண்டில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்த பின்னர், இந்த அறிவு காலுக்கும் பயன்பட்டது. உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. அதன்மேல் நடந்துகொண்டே இருந்தால் புண் ஆறாது. ஆகவே மென்மையான நுண்துளை இரப்பரைக் கொண்டு செருப்புகள் செய்யப்பட்டன. நாள்தோறும் பாதங்களை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி நோயாளிகள் பழக்கப்பட்டனர்.

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். நம் நாட்டில் ஒருவருடைய காலைத் தொடுவது அவரைப் பெரியவராக மதிப்பதற்கு அடையாளம். தாய் தந்தையரின் காலையும் ஆசிரியரின் காலையும் தொடுகிறோம். தொழுநோயாளியின் காலையோ தொடக்கூடாதவற்றுள் முதன்மையானதாக ஒதுக்கி வைத்தோம். அந்தக் காலை ஒரு மருத்துவரோ செவிலியோ தரையில் அமர்ந்து, கையில் ஏந்தி, நீரில் கழுவிப் பார்த்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாக நற்செய்தி கூறும் அந்நிகழ்ச்சி, ஓர் ஆலயச் சடங்காக அன்றி அன்றாட வேலையாகவே மாறிவிட்டது. இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கிறது. பணிவு கீழேயே வந்து அமர்கிறது.

இனி இரண்டாவது பணிவுக்கு வருவோம். காலை நீட்டியவரின் பணிவு அது. கேரளத்தில் 1925ஆம் ஆண்டில் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்றவர் மேரி வர்கீஸ். 1954ஆம் ஆண்டில் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றவரானார். முகத்திலும் காயம். பிறருடைய நோயைத் தீர்க்கக் கற்ற இளம் பெண், தம் உடலைப் பிறர் புரட்டிப் போடக் காத்திருக்கும் நிலையை அடைந்தார். திறமையுடையவர்களுக்கு உதவி செய்வது எளிது. உதவி பெறுவதுதான் கடினம். அந்தக் கடினமான பாடத்தை அவர் கற்றார்.

நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை ஒன்று உண்டு. அது கையில் செய்யும் அறுவை. பிராண்ட் அவ்வழியைச் சுட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் மடங்கிய கைகளைத் திறக்கலானார். கால் நடக்காத மருத்துவர், கை திறக்காத நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். தங்களைக் காட்டிலும் பெரிய இழப்பை அடைந்த ஒருவர் தங்களுக்காக உழைப்பதைக் கண்ட நோயாளிகளிடம், ‘எங்கள் துன்பம் உங்களுக்கு என்ன தெரியும்?’ என்னும் கேள்விக்கு இடமே இல்லாமற்போயிற்று. பின்னர் அவர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். முதுகுத்தண்டு சிதைந்தோர் மீண்டும் வாழக் கற்கும் மறுவாழ்வு நிலையம் 1966ஆம் ஆண்டில் அங்கே தோன்றிற்று. 1972ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தம் கால்களை அவர் திரும்பப் பெறவே இல்லை. ஆயினும் அவர் மீண்டார் என்றே சொல்ல வேண்டும். பிறருக்குப் பணி செய்வதில் அவருடைய மீட்சி இருந்தது.

இவ்வுண்மை வேறொரு நோயிலும் வெளிப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் நகரத்தில் 1935ஆம் ஆண்டில், குடிப்பழக்கத்திலிருந்து விடுபட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்பவர், மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சினார். அவ்வேளையில் அவர் தேடியது தமக்கு அறிவுரை சொல்லும் ஒருவரையன்று; தம்மைப்போலவே குடியால் துன்புறும் மற்றொருவரை! இராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர் அவ்வாறு கிடைத்தார். இருவரும் ஒருவருக்கொருவர் துணை நின்று மீண்டனர். இன்று நம் நாட்டிலும் இயங்கிவரும், பெயர் வெளியிடாத குடிநோயாளர் கழகம் அவ்வாறு பிறந்தது. ‘என்னால் தனியே இயலாது’ என்று ஒப்புக்கொள்ளும் பணிவே அதன் முதற்படி. தன்னைப் போன்ற மற்றொருவனுக்குக் கைகொடுக்கும் பணி அதன் முடிவான படி. முன்னது மீட்சியைத் தொடங்கி வைக்கிறது. பின்னது அதனை நிலைபெறச் செய்கிறது.

வேலூரிலும் கரிகிரியிலும் இதே நியதி செயற்பட்டது. குணமடைந்தோர் சிலர் அங்கேயே பயிற்சி பெற்று, பிற நோயாளிகளின் கைகளுக்குப் பயிற்சி அளிப்போராகவும் செருப்புச் செய்வோராகவும் ஆயினர். நேற்று கையை நீட்டிச் சிகிச்சை பெற்றவர், இன்று மற்றொருவர் கையைப் பிடித்து விரலை நிமிர்த்தினார். நோய் உடலிலிருந்து நீங்கிய நாளில் அவர் குணமடைந்தார். தாமும் பிறருக்குப் பயன்படுகிறோம் என்று உணர்ந்த நாளில்தான் முழு மனிதரானார்.

இவையெல்லாம் பழங்கதையென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 1982ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவரும் கூட்டு மருந்து, 6 மாதத்திலோ 12 மாதத்திலோ தொழுநோயை முற்றிலும் குணமாக்குகிறது. அது இலவசமாகவே கிடைக்கிறது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றியவுடன் மருத்துவரிடம் சென்றால், ஊனம் நேராமலே காத்துக்கொள்ளலாம். ஆயினும், இந்நோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு வரை நீடித்தது. மருந்து வந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே சட்டம் மாறிற்று. மனம் மாறுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, அது நம் கையில் இருக்கிறது.

பால் பிராண்டின் தாயார் எவலின் அம்மையாரைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். பணியிலிருந்து ஓய்வு பெறும் வயது வந்ததும் அவர் இங்கிலாந்து திரும்பவில்லை; மலைமேல் ஏறினார். தம் கணவர் உழைத்த மலைகளில் தாமே ஊர் ஊராகச் சென்று தொண்டாற்றி, 1974ஆம் ஆண்டில் 95ஆம் வயதில் மறைந்தார். முதுமைக் காலத்தில் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தம் முகத்தைப் பார்க்க நேரமில்லாதவருக்குப் பிறர் முகங்கள் நன்றாகத் தெரிந்தன.

பீங்கான் தொழிலில் மண்ணைப் பிசையும்போது, உள்ளே சிக்கிய காற்றை முற்றிலும் வெளியேற்றிவிட வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவர். வெளியே பார்ப்பதற்குக் குறையில்லாத பண்டமும், உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் நெருப்பில் கெட்டுவிடும். நாம் செய்யும் தொண்டிலும் ‘நான் செய்தேன்’ என்னும் குமிழ் ஒன்று தங்கிவிடக்கூடும். அதனை வெளியேற்றும் வழி எளியது. உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ தெருவிலோ ஒதுக்கப்பட்டு நிற்கும் ஒருவர் இருப்பார். அவருக்கு என்ன கொடுக்கலாம் என்று எண்ணுவதற்கு முன், அவரருகே அமர்ந்து, ‘இந்தப் புண் எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். விடையை முழுவதும் கேளுங்கள். பணி அங்கே தொடங்கும்.